டெஸ்ஸி பட்டாளத்துக்குப் பெயர் கொடுத்த வருஷம்

என் தங்கை டெஸ்ஸி பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பில் இருந்தபோது, செப்டம்பர் மாதத்தில் ஒருநாள், வகுப்பில் எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்தார்கள். படிப்பு முடிந்ததும் என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டு நான்கு கட்டம் போட்டிருந்தது: கல்லூரி, வேலை, ராணுவம், இன்னும் முடிவு செய்யவில்லை. டெஸ்ஸி நான்காவது கட்டத்தில் குறி போட்டுவிட்டு சாஃப்ட்பால் ஆடப் போய்விட்டாள். அதே மாதம் ஒரு பரீட்சையும் எழுதினாள். ராணுவத்துக்கான தகுதிப் பரீட்சை அது. விருப்பப்பட்டவர்கள் எழுதினால் போதும் என்றுதான் சொன்னார்களாம். ஆனால் எழுதினால் அன்றைக்கு வேதியியல் வகுப்பு இல்லை என்பதால் மொத்த வகுப்பும் எழுந்து போய் எழுதியது. இயந்திரங்கள் பற்றிய பகுதியில் டெஸ்ஸிக்கு வந்த மதிப்பெண்ணைப் பார்த்து வாத்தியாரே இரண்டு முறை கூட்டிப் பார்த்தார்.

இது நடந்தது 2006இல். கென்டக்கியின் கிழக்கு மலைகளுக்குள் இருக்கிறது எங்கள் ஊர், ராக்லிக். அம்மா ஆர்லீன் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை பார்த்தாள். நான் நெட்ரா, மூத்தவள். எனக்கு அப்போது இருபத்தொன்று. ஊருக்கு வெளியே இருந்த முதியோர் இல்லத்தில் கிழவர்களைக் குளிப்பாட்டி, படுக்கை மாற்றி, சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். நர்ஸ் படிப்புக்கு எனக்கு இடம் கிடைத்த வருஷத்தில்தான் அப்பா ஒஹையோவுக்கு லாரி ஓட்டப் போய், அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டார். நான் படிக்கப் போகவில்லை. அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை.

டெஸ்ஸி என்னைவிட ஒரு சாண் உயரம். தோள் இரண்டும் மரம் வெட்டுகிறவன் தோள் மாதிரி இருக்கும். பதினான்கு வயதில் எங்கள் பழைய டிரக்கின் இன்ஜினைத் தனி ஆளாக இறக்கித் திரும்ப ஏற்றினாள். வாய் மட்டும் ஓயாது. அவள் வீட்டில் இருக்கிறாளா இல்லையா என்பதை வாசலில் நின்றே சொல்லிவிடலாம்.

அவளைப் பற்றி எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரிந்த ஒன்று இருந்தது.

அவளுக்கு ஒன்பது வயதில், சுரங்கக்காரர்கள் மலையைச் சீவிவிட்டுப் போன மேட்டில் நாங்கள் இருவரும் பிளாக்பெரி பறித்துக்கொண்டிருந்தோம். பேசிக்கொண்டே இருந்தவள் திடீரென்று நிறுத்தினாள். திரும்பிப் பார்த்தால் கட்டை மாதிரி விறைத்து விழுந்து கிடந்தாள். கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. வாயில் நுரை. பறித்த பழமெல்லாம் அவள் முதுகுக்கடியில் நசுங்கிச் சட்டை முழுக்கக் கறுப்பாகிவிட்டது. ஒரு நிமிஷமோ இரண்டு நிமிஷமோ. பிறகு ஒன்றும் நடக்காதது போல எழுந்து உட்கார்ந்து, "ஏன்க்கா அழுவுற?" என்று கேட்டாள்.

அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அம்மா கதவைச் சாத்தினாள்.

"இத வேற யார்கிட்டயாச்சும் சொன்னியா?"

"இல்லம்மா."

"சொல்லாத. செத்தாலும் சொல்லாத. உங்க ஆர்வில் மாமாவுக்கும் இப்படித்தான். ஊருக்குத் தெரிஞ்சுது, கூட்டிட்டுப் போயி ஆஸ்பத்திரில அடைச்சாங்க. திரும்பி வரவே இல்ல என் அண்ணன்."

டாக்டரிடம் போகவில்லை. பதினைந்து வயதில் இன்னொரு முறை வந்தது, கோழிக்கூட்டின் பக்கத்தில். அதற்குப் பிறகு விழவில்லை. ஆனால் பேசிக்கொண்டே இருக்கும்போது சில நொடிகள் நின்றுவிடுவாள். கண் திறந்திருக்கும், உள்ளே ஆள் இருக்காது. வலது கைக் கட்டைவிரல் ஆள்காட்டி விரலைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். பிறகு விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வாள். மற்றவர்கள் அவள் ஏதோ யோசிக்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். டெஸ்ஸி யோசித்துப் பேசுகிறவள் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

அக்டோபரில் சார்ஜென்ட் மேயோ எங்கள் வீட்டுக்கு வந்தார். பக்கத்து ஊரில் பீட்சா கடையை ஒட்டி இருந்த ஆள்சேர்ப்பு அலுவலகத்தில் இருந்தவர். முப்பத்தைந்து வயதிருக்கும். வண்டியை விட்டு இறங்கியதும் பூட்ஸில் இருந்த சேற்றைப் புல்லில் தேய்த்துவிட்டுத்தான் படியேறினார். ஜன்னல் வழியாகப் பார்த்த டெஸ்ஸி, "மயோனைஸ் வந்துட்டாருடி, ரொட்டிய எடுத்து வை" என்றாள். அம்மா அவள் முதுகில் ஒன்று வைத்தாள்.

அம்மா போட்ட பீன்ஸ் குழம்பையும் சோள ரொட்டியையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். பெரிதாக அளக்கவில்லை. அவரும் இரண்டு மலை தாண்டி ஒரு சுரங்கத்தொழிலாளியின் மகன்தான்.

"உனக்கு என்ன வேணும், டெஸ்ஸி?" என்று கேட்டார்.

"ஹெலிகாப்டர் இன்ஜினப் பிரிச்சுப் பாக்கணும்."

"அவ்ளோதானா?"

"திரும்பப் பூட்டவும் விட்டா நல்லது."

அவர் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். அப்பா போனதற்குப் பிறகு அம்மா பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். பிறகு அவர் பையிலிருந்து தாள்களை எடுத்து வைத்தார். டெஸ்ஸிக்குப் பதினெட்டு ஆகவில்லை என்பதால் அம்மாவும் கையெழுத்துப் போட வேண்டும்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும். கேக்காம விடக்கூடாது. பாப்பாவுக்குச் சின்ன வயசுலேருந்து ஏதாச்சும் நோய் நொடி? ஆஸ்துமா, மயக்கம், வலிப்பு, ஆபரேஷன்?"

நான் சிங்க்கில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். குழாயை நிறுத்தினேன்.

"குதிர மாதிரி இருக்கா பாருங்க. ஜலதோஷம்கூட வந்ததில்ல" என்றாள் அம்மா.

டெஸ்ஸி மேஜைவிரிப்பில் இருந்த ரொட்டித் துகளை விரலால் ஒற்றி ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தாள். அம்மா கையெழுத்துப் போட்டாள். நான் குழாயைத் திரும்பத் திறந்தேன்.

அவர் போன பிறகு அம்மாவிடம் சண்டைக்குப் போனேன்.

"எப்படிம்மா உனக்கு வாய் வந்துச்சு?"

"ரெண்டு வருஷமா ஒண்ணும் வரல. போயிருச்சு அது. இங்க இருந்து என்ன பண்ணுவா சொல்லு? உன்ன மாதிரி கெழவனுக்குப் பீ அள்ளுவாளா?" சொல்லிவிட்டு அம்மா என் முகத்தைப் பார்க்காமல் பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

டிசம்பர் முதல் வாரம் க்ளின்ட் ஐசனைப் பெட்டியில் கொண்டுவந்தார்கள். டெஸ்ஸிக்கு இரண்டு வகுப்பு முன்னால் படித்தவன். ஈராக்கில் சாலையோரம் புதைத்திருந்த குண்டில் அவன் வண்டி சிக்கியது. பள்ளிக்கூடத்தை விட்டுப் பிள்ளைகள், சுரங்கத்திலிருந்து ஷிப்ட் முடித்தவர்கள், சர்ச்காரர்கள் என்று மொத்த ஊரும் சாலையின் இரண்டு பக்கமும் கொடியோடு நின்றது. குளிர் எலும்பைக் கடித்தது. சவவண்டி வளைவில் திரும்பி வரும்போது பனிக்காகச் சங்கிலி சுற்றியிருந்த டயர்கள் தார்ச்சாலையில் உராயும் சத்தம் மட்டும் கேட்டது.

டெஸ்ஸி எனக்கு நேர் எதிரே, அந்தப் பக்கம் நின்றாள். வண்டி எங்களைத் தாண்டும்போது அவள் கையிலிருந்த கொடி நழுவிக் கீழே விழுந்தது. அவள் குனியவில்லை. கண் வண்டியின் பின்னால் போகவில்லை, எங்கேயும் போகவில்லை. கட்டைவிரல் அசைந்தது. சாலைக்குக் குறுக்கே ஓட முடியாமல் நான் நின்றேன். சீருடையில் அவளுக்கு இரண்டு ஆள் தள்ளி நின்றிருந்த சார்ஜென்ட் மேயோ குனிந்து கொடியை எடுத்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி அதைப் பிடிக்கவைத்தார். அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"குளிருடா சாமி. கை மரத்துப்போச்சு" என்று வீட்டுக்கு வந்ததும் டெஸ்ஸி சொன்னாள். நான் எதுவும் கேட்காதபோதே சொன்னாள்.

க்ளின்டுக்குப் பிறகு அவள் மனசு மாறும் என்று நினைத்தேன். "நான் ரோட்டுல போற ஆளு இல்லக்கா. கொட்டகைக்குள்ள ஸ்பேனரோட நிக்கிற ஆளு" என்றாள். ஜனவரியில் லூயிவில்லுக்கு மருத்துவப் பரிசோதனைக்குப் போனாள். போய்வர இரண்டு நாள். திரும்பி வந்தவள் பஸ்ஸிலிருந்து குதித்து இறங்கினாள்.

"வாத்து மாதிரி நடக்கவிட்டாங்கடி! நாப்பது பொண்ணுங்க, உள்ளாடையோட, குந்தி உக்காந்து வாத்து நடை!" நடந்தே காட்டினாள். பஸ் டிரைவர் கை தட்டினார். பிறகு என் காதருகே வந்து, "நூத்தி சொச்சம் கேள்வி. எல்லாத்துக்கும் இல்ல, இல்ல, இல்லன்னு போட்டுட்டே போயிட்டேன்" என்றாள்.

ஹெலிகாப்டர் பராமரிப்பு வேலையே கிடைத்துவிட்டது. ஜூலை ஒன்பதாம் தேதி கிளம்ப வேண்டும். அம்மா பள்ளிக்கூடத்தில் தட்டோடு வந்த ஒவ்வொரு பிள்ளையிடமும் அந்தத் தேதியைச் சொன்னாள்.

பிப்ரவரியிலிருந்து அந்த நொடிகள் நீண்டன. காலைச் சாப்பாட்டின்போது ஒருமுறை எண்ணினேன், பதினெட்டு வந்தது. சாஃப்ட்பாலில் நேராக வந்த பந்து அவள் கன்னத்தில் பட்டது. கையுறை மாட்டிய கை தொங்கியே கிடந்தது. அவளிடம் சொன்னால் சிரித்தாள். அம்மாவிடம் சொன்னால் எழுந்து போனாள். முதியோர் இல்லத்தில் ஒரு கிழவருக்குச் சவரம் செய்துகொண்டிருக்கும்போது, டெஸ்ஸி ஹெலிகாப்டரின் சுழலும் விசிறிக்குப் பக்கத்தில் நிற்பது போலத் தோன்றும். கத்தியைக் கீழே வைத்துவிடுவேன்.

மார்ச் மாதம் ஒருநாள் மத்தியானம் என்னை வேலையிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தாள். மலைச்சாலை. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் இருநூறு அடிப் பள்ளம். தடுப்புக் கம்பி கிடையாது. சமையலறையில் அம்மா உப்புக்குப் பதில் சர்க்கரை போட்ட கதையைச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"எரநூறு பிள்ளைங்க, ஒருத்தன்கூட வாயத் தொறக்கல, பிரின்ஸ்பால் ஒரு வாய் வச்சாரு பாரு, அப்படியே..."

நின்றுவிட்டது.

டிரக் நிற்கவில்லை. கால் அழுத்தியபடியே இருந்தது. வளைவு வந்தது, ஸ்டியரிங் திரும்பவில்லை. எதிரே வந்த நிலக்கரி லாரி ஹாரனை அடித்துக்கொண்டே வந்தது. நான் பாய்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்து என் பக்கம் இழுத்தேன். பாறையில் உராய்ந்து, கண்ணாடி பிய்ந்து, வண்டி சரளையில் நின்றது. லாரி எங்களை உரசிக்கொண்டு போயிற்று.

"...அப்படியே துப்பிட்டாரு" என்றாள் டெஸ்ஸி. பிறகு சுற்றிப் பார்த்தாள். "ஏய், நீ ஏன் ஸ்டியரிங்கப் பிடிச்ச? பைத்தியமா உனக்கு?"

சொன்னேன். எண்ணிய நொடிகள், கொடி, பந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு மெதுவான குரலில், அவளுக்கே வழக்கமில்லாத குரலில் சொன்னாள்:

"நீ இங்கயே கெடந்து அழுவுற. அதனால நானும் கெடக்கணும். அதான உனக்கு?"

மிச்ச வழி முழுக்க நான்தான் ஓட்டினேன்.

மறுநாள் காலையில் பஸ் பிடித்து பீட்சா கடைக்குப் பக்கத்து அலுவலகத்துக்குப் போனேன். சார்ஜென்ட் மேயோ எழுந்து நாற்காலி போட்டார். சுவரில் வெள்ளைப் பலகை. அதில் மாத வாரியாகப் பெயர்கள். ஜூலைக்குக் கீழே இரண்டாவது பெயர் டெஸ்ஸி ஸ்லோன்.

பிளாக்பெரி மேட்டிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவைத் தொடவில்லை.

"டாக்டர் யாராவது பாத்திருக்காங்களா?"

"இல்ல."

"அப்ப எங்கயும் எழுத்துல இல்ல."

"இல்ல."

"நிச்சயமாத்தான் சொல்றீங்களா? இத நான் கேட்டுட்டேன்னா, கேக்காத மாதிரி இருக்க முடியாது."

"அதுக்குத்தாங்க வந்தேன்."

"க்ளின்டக் கொண்டுவந்த அன்னைக்கு நான் பாத்தேன்" என்றார். "அவ கண்ணப் பாத்தேன். குளிருன்னு நெனச்சேன். குளிராத்தான் இருக்கணும்னு நெனச்சேன்." பிறகு எழுந்து போய்ப் பலகையிலிருந்த பெயரைக் கையாலேயே துடைத்தார். விரல்களில் நீல மை ஒட்டிக்கொண்டது. "நீங்க சொன்னீங்கன்னு அவகிட்ட சொல்ல மாட்டேன்."

சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. நரம்பு மருத்துவரிடம் போய்ச் சான்று வாங்கி வரச் சொல்லிக் கடிதம் வந்ததும் டெஸ்ஸி அதைப் படித்தாள், மடித்தாள், என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். லெக்ஸிங்டனில் தலை முழுக்கக் கம்பி ஒட்டிப் பார்த்தார்கள். காகிதத்தில் ஓடிய கோடுகளில் டாக்டர் பதினோரு இடத்தில் வட்டம் போட்டார். வலிப்பு நோய். வண்டி ஓட்டக் கூடாது, ஏணி ஏறக் கூடாது, தனியாகத் தண்ணீரில் இறங்கக் கூடாது. ராணுவம் முடிந்தது.

அம்மா என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. "அவளையும் இங்கயே ஆணியடிச்சு வச்சுட்ட" என்று மட்டும் சொன்னாள். சமையலறையில் பிள்ளைகள் கேட்டபோது, தேதி தள்ளிப்போயிருக்கிறது என்று ஜூலை வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

டெஸ்ஸி என்னோடு பேசவில்லை. ஓயாத அந்த வாய் மற்றவர்களிடமும் மெல்ல மெல்ல அடங்கிப்போயிற்று. மாத்திரையாலா, வேறு காரணத்தாலா, தெரியவில்லை. அந்த வருஷ இலையுதிர்காலத்தில் லெக்ஸிங்டனுக்குப் போனாள். நகரப் பேருந்துகளைப் பழுது பார்க்கும் பணிமனையில் சேர்ந்தாள். நோயைச் சொல்லித்தான் சேர்ந்தாள். தரையில் செய்யும் வேலை மட்டும் கொடுத்தார்கள். பலகையில் ஜூலைக்குக் கீழே அவள் பெயருக்கு மேலே இருந்த பெயர், பஃபி கோம்ஸ் என்கிற பெண், போய் நான்கு வருஷம் இருந்துவிட்டு முழுசாகத் திரும்பி வந்தாள். இப்போது தபால் அலுவலகத்தில் இருக்கிறாள். அவள் ஜன்னலில் இருந்தால் நான் அடுத்த வரிசையில் போய் நின்றுகொள்வேன்.

டெஸ்ஸி என்னிடம் மறுபடி பேசியது ஒன்பது வருஷம் கழித்து, அம்மாவை அடக்கம் செய்த நாளில். மற்றவர்கள் போனபின் கல்லறைத் தோட்டத்தின் கேட்டுக்கு வெளியே டிரக்கின் பின்பலகையில் உட்கார்ந்திருந்தோம். யாரோ கட்டிக்கொடுத்த பன்றி இறைச்சி வைத்த பிஸ்கட் ரொட்டியை இரண்டாகப் பிய்த்து எனக்கு ஒன்று நீட்டினாள்.

"லூயிவில்ல, டாக்டர் ரூம்ல, ஒரு தடவ வந்துச்சுக்கா. அவரு வெளிய போயிருந்தாரு. முழிச்சுப் பாத்தா கடிகாரத்துல அஞ்சு நிமிஷத்தக் காணோம்."

நான் மெல்லுவதை நிறுத்தினேன்.

"அவரு உள்ள வந்தப்ப, இன்னொரு தடவ வந்தாப் பரவால்லன்னு உக்காந்திருந்தேன். வரல. பயமா இருந்துச்சு எனக்கு. ஹெலிகாப்டர்ல ஒரு போல்ட்ட முறுக்காம விட்டுட்டு, முறுக்கிட்டேன்னு கையெழுத்துப் போட்டா? மேல பன்னெண்டு பேரு. வேணாம்னு சொல்ல வாய் வரல. அம்மா ஊரெல்லாம் சொல்லி வச்சிருந்தா."

"அப்ப நான் சொன்னது..."

"சரிதான். அது எனக்கே தெரியும்." பிஸ்கட்டின் மிச்சத்தை வாயில் போட்டுக்கொண்டாள். "அதுக்காக மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காத. நான் சொல்லியிருக்கணும் அத. நீ என் வாயிலேருந்து புடுங்கிட்ட."

அதற்குப் பிறகு பேசுகிறாள். வாரத்துக்கு ஒருமுறை, சில சமயம் இரண்டு. பழைய கிண்டல் எப்போதாவது எட்டிப் பார்க்கும்.

போன வருஷத்திலிருந்து மாத்திரை சரியாகக் கேட்பதில்லை. இரண்டு முறை மாற்றிவிட்டார்கள். பணிமனையில் ஒருமுறை விழுந்து நெற்றியில் ஆறு தையல். லெக்ஸிங்டனில் மூன்றாவது மாடியில் தனியாக இருக்கிறாள். என்னோடு வந்து இரு என்றால், "நீ குளிப்பாட்டுற கெழவன் லிஸ்ட்ல என்னையும் சேக்காத" என்கிறாள். குளியலறையில் விழுந்தால் கதவை யார் உடைப்பது என்று பயந்து, ஈஸ்டருக்குப் போயிருந்தபோது, அவள் கடைக்குப் போன நேரத்தில் தாழ்ப்பாளைக் கழற்றி என் பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

ஜூனில் திரும்பப் போனேன். கதவில் புதுத் தாழ்ப்பாள் போட்டிருந்தாள். இரும்பில், முன்பு இருந்ததைவிடத் தடிமனாக. நான்கு திருகாணிகளையும் அடி வரை முறுக்கி, தலையைத் தேய்த்து மழுக்கியிருந்தாள். எந்த ஸ்க்ரூடிரைவரும் அதில் பிடிக்காது.